மறைப்புக்குக் கீழே இரண்டு கால்கள்

வெம்பக்கோட்டை அணைக்குப் போகிற சாலையில், ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்று இருக்கிறது. முதலில் பயணியர் விடுதியாக இருந்தது. பிறகு கால்நடை மருந்தகம். இப்போது மனிதர்களுக்கான அரசு மருந்தகம். மாடுகளை வெளியேற்றிவிட்டு மனிதர்களை உள்ளே விட்டதைத் தவிர அரசாங்கம் அங்கே பெரிய மாற்றம் எதையும் செய்துவிடவில்லை. கனத்த சுவர், எட்டாத உயரத்தில் கூரை, இரண்டே இரண்டு ஜன்னல். ஆலங்குளத்திலிருந்து வருகிற சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசிக்குப் பயந்து அந்த இரண்டையும் அடைத்தே வைத்திருந்தார்கள். பட்டப்பகலில் உள்ளே நுழைந்தாலும் கண் இருட்டுக்குப் பழகுவதற்குச் சிறிது நேரமாகும்.

டாக்டர் கனகசபாபதி மாற்றலாகி அங்கே வந்து இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. காரை நிறுத்த நிழல் இல்லை என்பதுதான் அவருடைய முதல் குறை. நாற்காலியில் மெத்தை இல்லை என்பது இரண்டாவது. இரண்டையும் அங்கிருந்த ஒரே பணியாளரான குருவம்மாளிடம் சொன்னார். குருவம்மாள் வெற்றிலையைக் கன்னத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "அப்படிங்களா சார்" என்றதோடு சரி.

டாக்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் நாற்காலி மனிதர். இத்தனை வருட அரசுப் பணியில் அவர் எழுந்து நோயாளியின் பக்கத்தில் போனது அபூர்வம். நாக்கை நீட்டு என்பார். மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே பார்ப்பார். வயிறு வலி என்றால் எங்கே என்று விரலால் காட்டச் சொல்வார். அவர் விரல் அங்கே போகாது. அதே டாக்டருக்குச் சாயங்காலம் சிவகாசியில் இருக்கும் சொந்த கிளினிக்கில் கால்களுக்கு உயிர் வந்துவிடும். ஃபீஸ் கொடுத்தவர்களின் தோளைத் தட்டியபடி வாசல்வரை வந்து வழியனுப்புவார். அங்கே அவரைக் கைராசிக்காரர் என்பார்கள். இங்கே அந்தக் கையைப் பார்த்தவர்கள் குறைவு.

இந்த மாற்றலைத் தண்டனை என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம். மதியத்தோடு வேலை முடிந்துவிடும். இப்படி ஒரு தண்டனைக்கு எத்தனையோ பேர் சிபாரிசு பிடித்து அலைகிறார்கள்.

காரணம் சங்கிலிமுத்து. பட்டாசுத் தொழிலாளி. ராஜபாண்டியன் என்பவருடைய கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தவர். தீபாவளி சீசனில் ஒரு லோடு சரவெடி காணாமல் போனது. முதலாளிக்குச் சந்தேகம் வந்தால் போலீசுக்கும் வந்துவிடுவது அங்கே வழக்கம். சங்கிலிமுத்துவை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கைதியைக் கோர்ட்டில் நிறுத்துவதற்கு முன்னால் அரசு டாக்டர் ஒருவர் பரிசோதித்து, உடம்பில் காயம் உண்டா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். அது சட்டம். அன்று சிவகாசி பெரியாஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் கனகசபாபதி. காயம் எதுவும் இல்லை என்று எழுதினார். சங்கிலிமுத்து கிளைச்சிறைக்குப் போய், இரண்டாம் நாள் மூத்திரம் நின்று, மூன்றாம் நாள் இறந்துபோனார். மதுரையில் பிணத்தை அறுத்துப் பார்த்தவர்கள், இரண்டு உள்ளங்கால்களின் தோலுக்கடியிலும் ரத்தம் கட்டிக் கிடந்தது, தசை நசுங்கியதில் சிறுநீரகம் செயலிழந்தது என்று எழுதினார்கள். காணாமல் போன லோடு பத்து நாள் கழித்துக் கிடைத்தது. ஆர்டர் மாறி வேறு குடோனில் இறங்கியிருந்தது.

இப்போது கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த அடி எங்கே விழுந்தது? டாக்டர் எழுதிய வார்த்தை உண்மையென்றால் ஸ்டேஷனில் ஒன்றும் நடக்கவில்லை. சிறைக்குப் போன பிறகு பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார். நம் ஊரில் கைதிகளுக்கென்று கட்டப்படும் பாத்ரூம்கள் எல்லாம் ஏன் இப்படி வழுக்குகின்றன என்று எந்தப் பொறியாளரும் இதுவரை ஆராயவில்லை. அடுத்த வாரம் மாஜிஸ்திரேட் முன்னால் டாக்டர் சாட்சி சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர் ரத்தினசாமியின் வேலை இருந்தது. இன்னொரு பக்கம் சங்கிலிமுத்துவின் மனைவி பாண்டிச்செல்வி இருந்தாள்.

முதல் நாள் மதியம், கடைசி நோயாளியும் போன பிறகு, டாக்டர் சாப்பாட்டுக் கேரியரைப் பிரிக்கப் போனார்.

"இன்னும் ஒரு ஆளு இருக்காக சார்" என்றாள் குருவம்மாள்.

"டோக்கன் முடிஞ்சதுன்னு சொல்லும்மா."

"சொல்லிட்டேன். போவமாட்டேங்காக. மறைப்புக்குப் பின்னால நிக்காக."

அறையின் மூலையில் சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் பச்சைத் துணி மறைப்பு ஒன்று நின்றது. படுக்க வைத்துப் பார்க்க வேண்டிய நோயாளிகளுக்காக. துணி தரைவரை இல்லை; கீழே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

வெறுங்கால்கள். கறுத்துச் சாம்பல் பூத்து, விரல்கள் ஒன்றையொன்று ஒட்டாத அளவுக்கு உப்பியிருந்தன. அவற்றின் உள்ளங்கால் தரையில் படவில்லை. பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி, கொதிக்கும் தார்ச்சாலையில் நிற்கிறவன்போல நின்றன.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர், நாற்காலியிலிருந்தே.

ஒரு கால் மட்டும் ஓரத்தை மாற்றி ஊன்றியது.

தூரத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் வெடியைச் சோதித்துப் பார்த்தார்கள். அடைத்த ஜன்னல் கதவுகள் ஒருமுறை அதிர்ந்தன. அதே நேரத்தில் மின்சாரம் போனது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகுதான் அந்த மூலையிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. வலியைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

"பாருங்க சார்."

மெதுவான குரல். மேஸ்திரியிடம் அரைநாள் லீவு கேட்கிற பணிவு அதில் இருந்தது.

டாக்டர் கேரியரைத் தள்ளி வைத்தார். அந்தக் குரலை அவர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தார். "நீ போய்ப் பாரு" என்று குருவம்மாளிடம் கிசுகிசுத்தார். படித்தவருக்குப் பயம் வந்தால் படிக்காதவரை முன்னால் அனுப்புவது இயல்புதானே. அவள் அலட்டிக்கொள்ளாமல் போய் மறைப்பை இழுத்தாள்.

யாரும் இல்லை.

கந்தக வாடை மட்டும் இருந்தது. அதற்கு அடியில், நாட்பட்டுக் கட்டுப் பிரிக்காத புண்ணின் வாடை.

"பின்வாசல் வழியாப் போயிருப்பான்" என்றார் டாக்டர்.

குருவம்மாள் சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இங்கன பின்வாசல் கிடையாது சார்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை துப்பப் போனாள்.

டாக்டர் அன்று கேரியரைத் திறக்கவில்லை.

அந்தக் குரலை அவர் எங்கே கேட்டார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரியாஸ்பத்திரியில் அன்று அவர் நாற்காலியில் சாய்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார், பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டும் என்று கேட்டதற்குக் கடைக்காரர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு போலீஸ்காரர்கள் சங்கிலிமுத்துவை ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துக் கொண்டுவந்தார்கள். பின்னால் இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி.

டாக்டரின் பார்வை தற்செயலாகக் கீழே போனது. "செருப்பு எங்கய்யா?"

"பயர் ஆபீஸ் ஆளு சார்" என்றார் ரத்தினசாமி. பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "மருந்து ரூமுக்குள்ள செருப்பு போடக் கூடாதுல்லா. அதே பழக்கம்."

"கால் ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

"அலுமினியப் பவுடரு சார். எம்புட்டுக் கழுவினாலும் போவாது."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. உராய்ந்து ஒரு பொறி பறந்தால் அறையோடு போய்விடும் என்பதால் மருந்து அறைக்குள் எல்லோருமே வெறுங்காலோடுதான் நடப்பார்கள். அலுமினியத் தூள் ரேகைக்குள் இறங்கி அவர்களுடைய கால்கள் எப்போதும் சாம்பல் நிறமாகவே இருக்கும். வேறு ஊர் டாக்டராக இருந்திருந்தால் செருப்பில்லாத, கறுத்து வீங்கிய கால்களைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்திருப்பார். கனகசபாபதி சிவகாசியிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாம் தெரிந்தவர். தலையை ஆட்டினார். அந்தக் கால்களுக்குச் செருப்பு நுழையவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

சங்கிலிமுத்து தலையைத் தூக்கினார். "சார், கொஞ்சம் பாருங்க சார்."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் டாக்டர். அவர் கண் டைல்ஸில் இருந்தது.

ஸ்டேஷன்களில் லாடம் கட்டுவது என்று ஒரு பேச்சு உண்டு. ஆளைக் குப்புறப் போட்டு, காலைத் தூக்கிக் கட்டி, உள்ளங்காலில் லத்தியால் அடிப்பது. தடித்த தோல் என்பதால் அது கிழியாது. ரத்தமெல்லாம் உள்ளேயே கட்டும். ஊமைக்காயம். அடித்து முடித்த பிறகு எழுப்பி நடக்க விடுவார்கள், குதிக்கச் சொல்வார்கள், வீக்கம் வெளியே தெரியாமல் இருக்க. இந்தத் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்த மூளை ஏதாவது உருப்படியான காரியத்தில் இறங்கியிருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும். டாக்டருக்கும் இது தெரியும். தடயவியல் பாடத்தில் இதற்கென்று ஒரு பகுதியே இருந்தது; அவர் அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். விரலால் அழுத்திப் பார்த்தால் போதும். அதற்கு நாற்காலியை விட்டு எழ வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தகத்தில் மறுநாள் மதியமும் கால்கள் வந்தன. அதற்கு மறுநாளும். குருவம்மாள் இப்போது அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பச்சைத் துணி மறைப்பைத் தூக்கி வெளியே வராந்தாவில் போடச் சொன்னார். மறைப்பு இருந்தால்தானே கீழே கால் தெரியும்?

மூலை வெறுமையாகிவிட்டது. டாக்டருக்குப் பெரிய நிம்மதி.

அன்று மதியம் பேனா கீழே விழுந்தது. குனிந்தார்.

கால்கள் மேஜைக்கு அடியில் இருந்தன.

எதிரே நோயாளிகள் உட்காருகிற ஸ்டூலில் யாரும் இல்லை. ஆனால் ஸ்டூலின் முன்னால், ஒருவர் உட்கார்ந்தால் கால்கள் எங்கே இருக்குமோ அங்கே, அந்தச் சாம்பல் நிறப் பாதங்கள் ஓரத்தை ஊன்றி நின்றன. டாக்டரின் பளபளக்கும் ஷூ முனையிலிருந்து ஒரு விரற்கடை தூரம்.

"பாருங்க சார்."

இந்த முறை குரல் மேஜைக்கு மேலேயிருந்து வந்தது. நேர் எதிரே, அவர் முகத்தின் உயரத்தில்.

அவர் நிமிரவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வைத்தியம் பார்த்தார். குனிய மாட்டார், எது கீழே விழுந்தாலும் விழுந்ததுதான். "புது டாக்டரு சாமியாரு மாதிரி உக்காந்து மாத்திரை குடுக்காரு" என்று ஊரில் சிரித்தார்கள். சாமியார் என்று சொன்னது அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்ததோ என்னவோ, மறுக்கவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரத்தினசாமி வந்தார். சீருடையில் இல்லை. கையில் ஒரு பழப்பை. மேஜைமேல் அதை வைத்துவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டிருந்தவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூலக்கடுப்பா சார்?"

"இல்ல. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. நீங்க எழுதினதையே அங்கனயும் சொல்லப் போறீக. ஆனா அந்தம்மா மாஜிஸ்திரேட் சின்ன வயசு. நோண்டி நோண்டிக் கேக்கும். மதுரை டாக்டருங்க உள்ளங்கால்னு எழுதித் தொலைச்சிட்டாங்க. அதனால 'பாத்தேன்'னு மொட்டையாச் சொன்னாப் பத்தாது. கட்டில்ல படுக்க வச்சு, ரெண்டு காலையும் ரெண்டு கையாலயும் பிடிச்சு, அழுத்திப் பாத்தேன், வீக்கம் இல்ல, வலின்னும் சொல்லலன்னு சொல்லிருங்க. தொட்டுப் பாத்தேன்னு ஒரு டாக்டர் சொன்னா அதுக்கு மேல ஆரும் கேக்க முடியாது."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க அவனை அடிச்சீங்களா?"

ரத்தினசாமி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அடிக்காம எப்படி சார் விசாரிக்கிறது?" என்றார். கோபமோ வெட்கமோ எதுவும் அந்த முகத்தில் இல்லை. பருப்பை வேகவைக்காமல் எப்படிச் சாம்பார் வைப்பது என்று கேட்டதுபோல இருந்தது. "உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னீகன்னா முதல்ல போறது உங்க டாக்டர் பட்டம். நாங்க எப்படியும் சமாளிச்சுக்கிடுவோம்."

போகும்போது ஒரு ஆப்பிளைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்துக் கடித்துக்கொண்டே போனார்.

மறுநாள் வரிசையில் பாண்டிச்செல்வியும் டோக்கன் வாங்கி நின்றாள். முறை வந்ததும் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை; விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெடித்திருந்தது.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர், ஆள் யாரென்று தெரியாமல்.

"எனக்கு ஒண்ணும் செய்யல சார். நான் சங்கிலிமுத்து வீட்டுக்காரி."

டாக்டர் கதவைப் பார்த்தார். குருவம்மாள் அங்கே இல்லை.

"சத்தம் போட வரல" என்றாள் பாண்டிச்செல்வி. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவுக காலை நீங்க பாத்தீகளா?"

"அதெல்லாம் கோர்ட்ல சொல்லுவேன்மா."

"அங்கன சொல்லுங்க. பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லுங்க. பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லுங்க. அடிச்சது ஆருன்னு நீங்க சொல்ல வேண்டாம். நான் பாக்கலங்கிற அந்த ஒரு வார்த்தை போதும்னு வக்கீல் சொல்லுதாக. கோர்ட்டு வாசல்ல அவுகள வேனுல இருந்து இறக்கும்போது நான் பாத்தேன் சார். காலை ஊன முடியல. என்னைப் பாத்ததும் சிரிச்சாக, நான் பயந்துரக் கூடாதுன்னு." அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. "அம்புட்டு வலியிலயும் ஒரு ஆளு தன்னைப் பாக்கணும்னுதான் உங்ககிட்ட வந்திருப்பாக."

அவர் பார்வையைத் தாழ்த்தினார். அது தவறு.

மேஜை விளிம்புக்குக் கீழே அவளுடைய கால்கள் தெரிந்தன, நீல வார் வைத்த ரப்பர் செருப்போடு.

அவற்றுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கால்கள்.

மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்போல அவள் முதுகுக்குப் பின்னால் மிக நெருக்கமாக நின்றன. அவள் காற்றில் அசைந்த முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். காற்று எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மின்விசிறி ஓடவில்லை.

"வாரேன் சார்" என்று எழுந்தாள். கால்கள் அவளோடு போகவில்லை.

அன்று டாக்டர் நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கால்கள் என்ன கேட்கின்றன என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. குனிந்து பார்த்தால் போதும். அல்லது நாளைக்குப் பார்க்கவில்லை என்று சொன்னால் போதும். இரண்டில் எதற்கும் செலவில்லை. அவர் யோசித்தார். வேலை போகும், கிளினிக் போகும், மகளுக்குப் பேசி வைத்திருக்கிற சம்பந்தம் போகும், தெருவில் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஒரு மனிதன் செத்ததை ஒரு தட்டிலும் இவற்றையெல்லாம் இன்னொரு தட்டிலும் வைத்துப் பார்த்தார். அவருக்குத் தராசு சாய அதிக நேரம் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஆகாது.

விசாரணை மாஜிஸ்திரேட்டின் அறையில், காலையில். மாஜிஸ்திரேட் ஐஸ்வர்யா ஒடிசலான பெண். பேசும்போது எதிராளியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதவர். பக்கத்தில் தட்டச்சர். சுவரோரம் பாண்டிச்செல்வியும் அவளுடைய வக்கீலும். ரத்தினசாமி வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் செருமுவது உள்ளே கேட்டது. பெரிய ஜன்னல்கள் திறந்திருந்தன. நல்ல வெளிச்சம். டாக்டர் தைரியமாகக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்துக்கொண்டார். ஒன்றும் இல்லை. பல நாளுக்குப் பிறகு காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார்.

"சங்கிலிமுத்துவை நீங்கள் பரிசோதித்தீர்களா?"

"பரிசோதித்தேன் மேடம்."

"உள்ளங்கால்களை?"

"அதையும்தான்."

"எப்படி?"

"கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் என் இரண்டு கைகளாலும் பிடித்து, அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை. வலி இருப்பதாகவும் அவர் சொல்லவில்லை." மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

மாஜிஸ்திரேட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எப்படிப் பிடித்தீர்கள் என்று காட்டுங்கள்."

டாக்டர் இரண்டு கைகளையும் மேஜைக்கு மேலே நீட்டி, உள்ளங்கைகளைக் கிண்ணம்போல் குவித்துக் காட்டினார்.

கனம் வந்து இறங்கியது.

அவருடைய மணிக்கட்டுகள் சட்டென்று தாழ்ந்ததை அறையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். கையில் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கைகளும் ஏதோ ஒன்றைத் தாங்கின. நரம்பு புடைத்து, விரல்கள் அகன்று, மடங்க முடியாமல் நின்றன.

"டாக்டர்?"

அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடா இருக்கு" என்றார்.

"என்ன?"

"கால். ரெண்டும். நல்ல சூடு." குரல் அவருடையதுதான், ஆனால் கிளினிக் குரல் இல்லை, வெகு காலத்துக்கு முன்னால், கல்லூரியில், பேராசிரியர் முன்னால் நடுங்கிக்கொண்டு நோயாளியைத் தொட்ட பையனின் குரல். "ரெண்டு உள்ளங்கால்லயும் வீக்கம். அழுத்தினா விரல் புதையுது. குதிகால் பூரா ரத்தம் கட்டியிருக்கு. தோல் கிழியல. குறுக்கே வரிவரியாத் தடிப்பு, லத்தி அகலத்துக்கு. வலது கால் பெருவிரலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சிருக்கு. நகருது. என் விரலுக்கடியில நகருது."

தட்டச்சர் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார்.

"அவர் சொல்வதை அப்படியே அடியுங்கள்" என்றார் மாஜிஸ்திரேட். அவர் குரலும் லேசாக இறங்கியிருந்தது. "டாக்டர், இது எத்தனை நாள் காயம்?"

"புதுசு. ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். ஜெயிலுக்குப் போகுமுன்னால பட்டது. நான் பாத்திருந்தா..." அவருக்கு மூச்சு இரைத்தது. "நான் பாக்கல மேடம். நான் எந்திரிக்கவே இல்ல."

அந்த வார்த்தையும் காகிதத்தில் ஏறியது. வராந்தாவில் செருமல் நின்றுபோனது. பிற்பாடு வக்கீல்கள் அவருக்குச் சித்தப்பிரமை என்று வாதாடலாம், வாதாடுவார்கள். ஆனால் மதுரையில் அறுத்துப் பார்த்தவர்கள் எழுதியதற்கும் இதற்கும் ஓர் அங்குலம்கூட வித்தியாசமில்லை. அவர்கள் எழுதியதை அதுவரை அவருக்கு யாரும் படிக்கக் கொடுக்கவில்லை.

டாக்டர் கைகளை உதறப் பார்த்தார். அசையவில்லை. நெற்றியில் வேர்வை வழிய, விரல்களை இறுக்கி எப்படியாவது அதைத் தள்ளிவிட முயன்றார்.

சுவரோரத்திலிருந்து பாண்டிச்செல்வி எழுந்து வந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அவருடைய வெறுங்கைகளுக்கு மேலே, அந்த ஒன்றுமில்லாத இடத்தில், தெரிந்த ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மெதுவாப் பிடிங்க சார்" என்றாள். "அவுகளுக்கு வலிக்கும்."

டாக்டர் பிடியைத் தளர்த்தினார்.

விசாரணை முடிந்தது. காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பேனாவைப் பிடிக்க அவர் விரல்கள் மடங்கவில்லை. மையில் கட்டைவிரலை ஒற்றிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வாங்குவதுபோல. ஒவ்வொருவராக வெளியே போனார்கள். அவர் எழுந்து கைகளைத் தாழ்த்திப் பார்த்தார். கனமும் கூடவே தாழ்ந்தது. நடந்து பார்த்தார். கூடவே வந்தது.

இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தியபடி அவர் வெளியே வந்து, கோர்ட்டு வாசல் வெயிலில் நெடுநேரம் நின்றார். கணுக்கால் எலும்புக்குப் பின்னால், விரல் வைத்தால் தட்டுப்படுகிற ஒரு நாடி உண்டு. அது எந்த டாக்டருக்கும் தெரியும். அவருடைய இடது கையின் நடுவிரலுக்கு அடியில், விட்டு விட்டு, அது துடித்துக்கொண்டிருந்தது.